கேட்டுக்கு வெளியே தீன்

எங்கள் பள்ளிவாசல் கேட்டில் ஒரு பலகை தொங்குகிறது. பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. "ஓதி ஊதுவது தீனில் இல்லாத செயல். இதற்காக வாசலில் யாரும் கூட வேண்டாம். நிர்வாகம்." அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கை துறுதுறுக்கிறது. பிடுங்கி எறிய எனக்கு ஒரு நிமிடம் போதும். நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் ஈரக் கொழுந்து மூட்டையை ஒற்றை ஆளாகத் தலையில் தூக்கி லாரியில் போட்டவன் நான். ஒரு பலகை எனக்கு எம்மாத்திரம்? பிடுங்காமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மூட்டை தூக்கினேன், கிளீனராகப் போனேன், டிரைவர் ஆனேன், பிறகு சொந்த ஜீப் வாங்கினேன். ஒன்று பலவாகியது. சிறு தோட்டக்காரர்களின் கொழுந்தை ஃபேக்டரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இந்தச் சுற்று வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மழையில் மற்ற வண்டிகள் வழுக்கி நிற்கும் ஏற்றத்தில் என் ஜீப் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறும். பள்ளிவாசலுக்கு மேல்மாடி கட்டியபோது மணல் முழுவதும் என் செலவு. இதையெல்லாம் சொல்வது பெருமைக்குத்தான். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு வழக்கம் இருந்தது. மஃரிப் தொழுகை முடிகிற நேரத்துக்கு, பொழுது சாய்ந்ததும், கேட்டுக்கு வெளியே பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பாதிக்கு மேல் எஸ்டேட் பெண்கள். சிலோனிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கிற குடும்பங்கள். நெற்றியில் திருநீறு, இடுப்பில் காய்ச்சல்காரப் பிள்ளை, கையில் ஒரு சொம்புத் தண்ணீர். தொழுதுவிட்டு வெளியே வருகிற ஆண்கள் ஒவ்வொருவரும் நின்று, தெரிந்ததை ஓதி, பிள்ளையின் முகத்திலும் தண்ணீரிலும் ஊதிவிட்டுப் போவார்கள். தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் ஊதினாலும் சரி, மீன்கடைக்காரர் ஊதினாலும் சரி, அந்தப் பெண்களுக்கு வித்தியாசம் கிடையாது. தொழுத வாயிலிருந்து வருகிற மூச்சு என்று நம்பினார்கள். எனக்குத் தெரிந்தது குர்ஆனில் சின்னச் சின்ன அத்தியாயங்கள்தான். ஆனாலும் என் முன்னால்தான் நீண்ட வரிசை நிற்கும். "அந்த ஜீப்பு பாய் ஊதினா எறங்கிரும்" என்று எஸ்டேட் லயங்களில், அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், பேர் வாங்கியவன் நான்.

ஏன் இறங்கியது என்று இப்போது சொல்கிறேன். ஊதும்போது பிள்ளையின் நெற்றியில் கை வைப்பேன். கழுத்தைத் தொட்டுப் பார்ப்பேன். கொதித்தால், கண் செருகினால், "ஏறும்மா ஜீப்புல" என்பேன். ஜீப் கேட்டுப் பக்கத்திலேயே நிற்கும். நேராகக் கூடலூர்ப் பாதையில் ஆஸ்பத்திரிக்கு விடுவேன். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தேயிலை விலை விழுந்த காலம் அது. இலையைப் பறிக்கிற கூலிக்குக்கூட விலை கட்டவில்லை என்று சிறு தோட்டக்காரர்கள் செடியைக் காடாக வளரவிட்டார்கள். பக்கத்துப் பெரிய எஸ்டேட்டில் முதலாளி ஊரைவிட்டே போய்விட்டார். ஃபேக்டரி அடுப்பு அணைந்தது. டிஸ்பென்சரியைப் பூட்டினார்கள், கம்பவுண்டர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார், ஆம்புலன்ஸை விற்றுவிட்டார்கள். ஏற்ற இலை இல்லாமல் என் ஜீப்புகள் சும்மா நின்றன. சும்மா நின்ற ஜீப்தான் பிள்ளைகளை ஏற்றியது. அதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. என் மூச்சுக்குத்தான் மகிமை என்று நானும் கொஞ்சம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்கள் சம்பந்தி நிர்வாகத்துக்குச் செயலாளராக வந்தார். என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். சம்பந்தி படித்தவர். வளைகுடா நாட்டில் பல வருடம் கணக்கு வேலை பார்த்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர், பொய் பேசமாட்டார், தொழுகையை விடமாட்டார். அதுதான் இன்னும் கோபம். கெட்டவன் செய்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவரைத் திட்டவும் முடியாது. பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்தி முன்னால் குரல் உயர்த்தக் கூடாது என்பது எங்கள் பக்கத்து மரியாதை. நான் பெண்ணைக் கொடுத்தவன். ஊரையே அதட்டுகிற நான் அவர் முன்னால் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமாங்க, சரிங்க" என்று உட்கார வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் எழுந்து நின்று பேசினார். தீன் என்றால் என்ன என்பதுதான் பேச்சு. நாம் எல்லோரும் தீன் தீன் என்கிறோம், அதை வெறும் மதம் என்று நினைக்கிறோம், அது தவறு என்றார். சாப்பிடுவது, தூங்குவது, விற்பது, வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரனோடு பழகுவது எல்லாம் சேர்ந்ததுதான் தீன், மனிதனின் முழு வாழ்க்கையும் அதற்குள் அடங்கும் என்றார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அவ்வளவு நன்றாகப் பேசினார். மனசுக்குள் சபாஷ் போட்டேன். அடுத்த மூச்சிலேயே சொன்னார்: ஆகையால் தீனில் இல்லாததை நீக்க வேண்டும், வாசலில் ஊதுவதை இன்றோடு நிறுத்துகிறோம்.

நிர்வாகக் கூட்டத்தில் நான் கேட்டேன்.

"ஏனுங்க சம்பந்தி, முழு வாழ்க்கையும் தீன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்ப காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிட்டு ஒருத்தி வாசல்ல நிக்கறா. அவளும் இந்த வாழ்க்கைக்குள்ளதானுங்க வர்றா? இல்ல, கேட்டோட முடிஞ்சு போகுதுங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க சம்பந்தி. காய்ச்சலுக்கு டாக்டர் இருக்காரு. மூச்சு விட்டா காய்ச்சல் போகும்னு அந்த சனங்கள நம்ப வெக்கிறது ஏமாத்து வேலைங்க. நாம ஏமாத்தக் கூடாது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் ரத்தம் இன்னும் கொதித்தது. மூலையில் சம்பளத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்த ஹஜ்ரத்திடம் திரும்பினேன்.

"ஹஜ்ரத், நீங்க சொல்லுங்க. கிதாபு படிச்சவரு நீங்க. தீன்னா என்னங்க?"

பாவம், அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பணிஞ்சு நடக்கிறதும் தீன்தாங்க. அப்படி நடக்கிற வழிக்கும் அதே பேரு. மறுமையில அல்லாஹ் நம்மளக் கூப்பிட்டுக் கேக்கிற நாளு இருக்குதே, தொழுகைக்குத் தொழுகை ஓதறோமே, அந்தக் கேள்விக்கும் தீர்ப்புக்கும் அந்தச் சொல்லுதான். பெரியவங்க ரெண்டு பேரும் சொல்றது சரிதானுங்க" என்றார். நிர்வாகிகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் ஓதிக் கொடுத்த உஸ்தாத் தீனுக்கு மார்க்கம் என்று தமிழ் சொல்வார். மார்க்கம் என்றால் வழி. வழியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாழ்நாள் முழுக்க வழியில் வண்டி ஓட்டியவன் நான். ஒரு வழி என்றால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். கேட்டோடு நின்றுவிட்டால் அது வழி இல்லை, வண்டி நிறுத்துகிற இடம். இதை அங்கேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. பலகை ஏறியது.

பெண்கள் வருவது நின்றது. அவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொண்டது வேறு. "நம்மள இனி வாசல்ல சேக்க மாட்டாங்களாம்" என்று லயத்துக்கு லயம் பேச்சு. சாமி கும்பிடுகிறவர்கள் என்பதால் துரத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். சம்பந்தி அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் பலகையில் நினைப்பை எழுத இடம் ஏது?

ஆடி மாத மழை. மஃரிப் முடிந்து நானும் சம்பந்தியும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். பாங்கு சொல்கிற மோதினார் கேட்டருகில் குடையோடு நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னங்க?" என்றேன்.

"தொழுகைக்கு முந்தி ஒரு பொம்பள வந்துச்சுங்க. மேல் டிவிசன் லயம். கைப்புள்ள. நான் பலகையக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லிட்டேன். அது சரின்னுட்டு மேல பாத்து நடந்துருச்சு."

"புள்ள எப்படி இருந்துச்சு?"

"அழுகவே இல்லீங்க."

கோபத்தில் எனக்குக் காது அடைத்தது. அழுகிற பிள்ளைக்குப் பயப்பட வேண்டாம் என்பது அத்தனை பிள்ளைகளைத் தூக்கிப் போனதில் நான் கற்றது. பெண்ணைக் கொடுத்தவன் என்ற மரியாதை எல்லாம் அந்த மழையில் கரைந்தது.

"ஏறுங்க சம்பந்தி."

"எங்கீங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு சொல்லச் சொன்னீங்களே, எந்த பஸ்ஸுல போவா? கடைசி பஸ்ஸு போயாச்சு. வந்து அவ மூஞ்சியப் பாத்து அதையே சொல்லுங்க. ஏறுங்க!"

"என் கார்ல வேணா..."

"உங்க கார் அந்த ஏத்தத்துல பாதியில படுத்துக்கும். ஏறுங்கன்னா!"

ஏறிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவை அவரை அதட்டினேன். மகள் வீட்டில் என்ன ஆகுமோ என்று ஒரு வளைவு வரைக்கும் யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை. பாதை அப்படி. அந்த மண் சாலையில் அந்த மழையில் ஜீப்பை ஏற்ற என்னைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

லயத்துக்குக் கொஞ்சம் கீழேயே அவளைப் பிடித்தோம். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். ஜீப் வெளிச்சத்தில் பிள்ளையைப் பார்த்தேன். மூச்சு விடும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து விழுந்து எழுந்தது. உதடு ஈயம் மாதிரி இருந்தது.

"ஏறும்மா."

அவள் ஏறவில்லை. சம்பந்தியைப் பார்த்தாள். "ஐயா, நான் வாசலுக்குள்ள காலு வைக்கல. வெளியதான் நின்னேன். அந்த ஐயா போகச் சொன்னதும் போயிட்டேன்" என்றாள். பிடித்துத் திட்ட வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டாள்! சம்பந்தி கீழே இறங்கி, மழையில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு "ஏறும்மா" என்று அவரும் சொன்ன பிறகுதான் ஏறினாள்.

இறக்கத்தில் நான் கண்ணைச் சாலையில் இருந்து எடுக்கவில்லை. பின் சீட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயா, அந்தப் பலகையில தீன்னு போட்டிருக்கே, அது என்னா?"

"சம்பந்தி, கேக்கறாளில்ல? வெள்ளிக்கிழமை பேசினீங்களே, சொல்லுங்க."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அது வந்தும்மா... கடவுளுக்குக் கட்டுப்பட்டு நடக்கிற முறை."

"அந்த முறையில சீக்காளிப் புள்ளைய என்னா செய்யச் சொல்லியிருக்கு ஐயா?"

வஞ்சகமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சம்பந்தி கைக்குட்டையை எடுத்து முன் கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தார். அவருக்காகப் பேச எனக்கு இஷ்டம் இல்லை. நன்றாக மாட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் அவள், "ஜீப்பு பாய், ஊதவே இல்லையே. ஊதாம ஊசி போட்டா ஏறாது பாய். என் மூத்த புள்ளைக்கு நீங்கதான் ஊதுனீங்க" என்றாள்.

"என் கை ஸ்டீயரிங்ல இருக்கு. பக்கத்துல இருக்காரே, அவரு பெரிய ஓதினவரு. அவருகிட்டக் குடு."

அவள் பிள்ளையை சீட்டுக்கு மேலாக நீட்டினாள். சம்பந்தி வாங்கிக்கொண்டார். வாங்காமல் என்ன செய்வார்? அந்தப் பிள்ளையின் நெஞ்சு அவர் உள்ளங்கைக்குள் இழுத்ததை அப்போதுதான் அவர் தெரிந்துகொண்டிருப்பார். "சம்பந்தி, வேகமாப் போங்க" என்றார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"நல்லாச் சத்தமா ஊதுங்க ஐயா" என்றாள் பின்னாலிருந்து.

ஊதினாரோ, பெருமூச்சு விட்டாரோ, எனக்குத் தெரியாது. துஆ கேட்டேன், அவ்வளவுதான் என்று பிறகு சொன்னார். நோயாளிக்காக அல்லாஹ்விடம் கேட்பதை அவரும் தடுத்ததில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர் கீழே விடவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். கோபம் இருந்தாலும் நான் பொய் எழுதமாட்டேன்.

நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. பிள்ளைக்கு மூக்கில் காற்றுக்குழாய் வைத்தார்கள். நர்ஸ் அந்தத் தாயைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, எத்தன நாளா இப்படி இழுக்குது? முன்னாடியே கொண்டாந்தா என்ன?"

"பள்ளிவாசல்ல வேணாம்னு எழுதிட்டாங்கம்மா. எங்க கொண்டு போறதுன்னு தெரியல."

"பள்ளிவாசல்ல வேணாம்னா? ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கு அங்க எதுக்குப் போகணும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் நான் சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தேன் பாருங்கள், அந்தப் பார்வைக்கு மூன்றாம் வகுப்பு போதும். அந்த எஸ்டேட்டில் இருந்து ஆஸ்பத்திரிக்கு வேறு வழி இல்லை. எங்கள் கேட் வழியாகத்தான் வழி. மூச்சுக்காக வந்து நின்றார்கள், நாங்கள் மூச்சு விட்டோம், நடுவில் யாரும் கவனிக்காமல் ஒரு பிள்ளையின் நெற்றியில் ஒரு கை பட்டது. அந்தக் கையைத்தான் பச்சைப் பெயிண்ட் அடித்து மூடினார்கள். தீனில் இல்லாததை நீக்குகிறேன் என்று தீனைத்தான் நீக்கினார்கள். இதை அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

பிள்ளை பிழைத்துவிட்டது. பலகையும் பிழைத்துவிட்டது. இதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அதே வாயால், நோய்க்கு மருத்துவம்தான் வழி என்பதற்கு நேரில் கண்ட உதாரணம் என்று அந்தப் பிள்ளையின் கதையையே எடுத்துப் பேசினார் எங்கள் சம்பந்தி! யார் ஜீப், எந்த ஏற்றம், அந்தத் தாய் என்ன கேட்டாள், ஒரு வார்த்தை வரவில்லை. நான் தொழுகை வரிசையில் பல்லைக் கடித்ததில் ஒரு கடைவாய்ப் பல் ஆடிவிட்டது.

சுகமானால் சர்க்கரைப் பொட்டலத்தோடு வந்து வாசலில் எல்லோருக்கும் கொடுப்பது அந்தப் பெண்களின் வழக்கம். அவளும் வந்தாள். கேட்டைத் தொடாமல், தள்ளி, சாலை ஓரத்தில் நின்றாள். எனக்கு ஒரு சிட்டிகை கொடுத்தாள், வாயில் போட்டுக்கொண்டேன். சம்பந்தி வெளியே வந்தார். அவர் முன்னால் காகிதத்தை நீட்டினாள். அவர் கொஞ்சம் சர்க்கரையை எடுத்தார், நாலு அடி நடந்தார், மோதினார் கையில் தட்டிவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவளும் பார்த்தாள்.

காரில் ஏறப் போனவரை மறித்தேன்.

"ஏனுங்க சம்பந்தி, அந்தச் சக்கரைய வாயில போட்டிருந்தா உங்க தீன் கரைஞ்சு போயிருக்குங்களா?"

"எனக்கு சுகர் இருக்குதுங்க சம்பந்தி. உங்க மகளக் கேட்டுப் பாருங்க. காப்பிக்கே போடறதில்ல."

உண்மைதான். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது எனக்கும் தெரியும். என்ன மனிதர் இவர்? கோபப்படுவதற்குக்கூட ஒழுங்காக இடம் கொடுக்கமாட்டார்.

"அப்ப அதை அவகிட்டச் சொல்லிட்டுப் போறதுதானுங்களே? அவ வேற மாதிரி நெனச்சுட்டாளே!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அதற்குள் மேலே நடக்கத் தொடங்கியிருந்தாள்.

மறுநாளிலிருந்து ஜீப்பைக் கேட்டுக்கு எதிர்ச்சாரியில், பூட்டிக் கிடந்த இலைக் கொட்டகை முன்னால் நிறுத்தினேன். அந்தக் கொட்டகை என்னுடையது. அதில் எந்த நிர்வாகமும் பலகை மாட்ட முடியாது. மேல் டிவிசன், கீழ் டிவிசன் லயங்களுக்கெல்லாம் நானே போய்ச் சொன்னேன். பெண்கள் அங்கே வந்து நின்றார்கள். தொழுதவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்து ஊதினார்கள். நான் நெற்றியில் கை வைத்தேன். இப்போது தெரிந்தே வைத்தேன். ஹஜ்ரத்தும் வந்தார், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு.

சம்பந்தி மட்டும் தாண்டவில்லை. பலகைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். வேவு பார்க்கிறார் என்று நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, நான் வரிசையின் முன்பக்கம் குனிந்திருந்தபோது சாலைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. "சம்பந்தி! பின்னால அந்தச் சிவப்புக் குல்லாப் புள்ள. விலா குழி விழுகுது பாருங்க. மொதல்ல அதை எடுங்க!"

திரும்பிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னார். பிள்ளையையும் தாயையும் ஜீப்பில் ஏற்றினேன். தாண்டி வந்து சொன்னால் கால் தேய்ந்தா போகும் என்று எனக்கு அன்றைக்கும் ஆத்திரம், இன்றைக்கும் ஆத்திரம். வண்டியைத் திருப்பும்போது கேட்டருகில் நிறுத்தி, முன் கதவைத் திறந்து பிடித்தேன். சம்பந்தி பலகையை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.